தரவு ஆர்வலர் கூடுகையில் குருபரப்பள்ளியார் – ஓர் ஆய்வு

1. ஆய்வெல்லை

டேட்டா சயின்ஸ் மீட்டப் பெங்களூரில் கூடும், குருபரப்பள்ளியில் கூடாது. குருபரப்பள்ளிச் சிப்காட் ஆலைக்காரர் ஒருவர் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் பஸ் ஏறி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி கடந்து, சில்க் போர்டு நெரிசலில் ஒரு யுகம் நின்று அங்கு சேர்வது இவ்வாய்வின் எல்லை. ஏன் போகிறார் என்பது எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. வகைப்பாடு

வருவோர் மூவகையினர்.

அ. வேலை தேடுவோர்.

ஆ. ஆள் தேடுவோர். ‘அ’ பிரிவினர் இவர்கள் கண்ணில் படுவதில்லை.

இ. பீட்சாவுக்கு வருவோர். வந்த காரியத்தை முடித்துத் திரும்புவோர் இவர்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது (காண்க: காலிப் பெட்டிகள்).

3. ஐரிஸ் மலர்

மேடையேறுவோர் முதலில் காட்டுவது ஐரிஸ் பூவை. மூன்று இனம், இனத்துக்கு 50, ஆக 150 பூ. எட்கர் ஆண்டர்சன் திரட்டிய அளவுகளை ரொனால்ட் ஃபிஷர் 1936இல் கட்டுரையாக்கினார். வெளியிட்டது ‘அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. மனிதரையே தரம்பிரிக்கக் கிளம்பிய துறையின் இதழ். செட்டோசா என்னும் இனம் தனியே நிற்கும்; மற்ற இரண்டும் ஒட்டி நிற்கும். இவ்விடத்தில் அவையோர் தலையசைப்பர் (காண்க: சென்ற மாத ஸ்லைடு, அதற்கு முந்தைய மாதத்து அதே ஸ்லைடு). அன்று பறித்த பூ இன்னும் வாடவில்லை. ஒரே செய்யுளுக்கு ஒன்பதாம் உரை எழுதிப் பதவி உயர்வு பெற்ற நம் பேராசிரியர்கள் இதில் வியப்படையார்.

குருபரப்பள்ளியார் ஐரிஸைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பக்கத்து மாந்தோப்புகளில் தொங்குவன பெங்களூரா, செந்தூரா, நீலம். மூக்கு நீண்டால் பெங்களூரா, தோள் சிவந்தால் செந்தூரா. மண்டிக்காரர் அளவுகோலே தொடாமல் பிரித்து, மாங்கூழ் ஆலைக்குப் போவதையும் ஒதுக்கிவிடுவார். பயிற்சித் தரவு யாதெனில், “எங்கப்பா தோப்பு” என்பார் (காண்க: ஓசூர் பஸ் டிக்கெட்டின் பின்புறம், பென்சில் சுவடி, வியர்வையால் சிதைந்த படி, மூன்றாம் சொல்லில் பாடபேதம் உண்டு, பதிப்பித்தவர், மறுத்தவர், மறுப்பை மறுத்தவர் மூவரும் இக்கட்டுரையாளரே).

4. முடிவும் பரிந்துரையும்

அடுத்த கூடுகையை மாம்பழப் பருவத்தில் குருபரப்பள்ளித் தோப்பிலேயே நடத்துக. ஃபிஷருக்கு நான்கு அளவு போதுமாயிருந்தது. இங்கே ருசி ஐந்தாவது. ஆய்வு முடிந்ததும் தரவைத் தின்றுவிடலாம். அதன்பின் முடிவை எவராலும் சரிபார்க்க இயலாது. இது குறையன்று, அத்தகைய முடிவுகளுக்கு முனைவர் பட்டமே கிடைத்து வருகிறது.