படர்க்கையில் நிறுத்தப்பட்ட கார்

இங்கிலாந்திலும் வேல்சிலும் பேரங்காடி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு முதலியவற்றைச் சேர்ந்த தனியார் நிலத்தில் காரை நிறுத்துபவர், தாம் பால் வாங்க வந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் ஓர் ஒப்பந்தம் செய்ய வந்தவரே ஆவார். கம்பத்தில் மாட்டிய அறிவிப்புப் பலகை, நிறுத்துமிடத்தை நடத்தும் நிறுவனம் முன்வைக்கும் நிபந்தனை; அதைக் கடந்து உள்ளே போய்க் காரை நிறுத்துவது அந்நிபந்தனைக்குத் தரும் சம்மதம்; 2 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் 100 பவுண்டு என்று பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்குமானால், அதுவும் இரு தரப்பினர் மனமொத்துச் செய்துகொண்ட உடன்பாடு. அவர்களுள் ஒருவர் அப்போது மழையில் குழந்தையின் தள்ளுவண்டியை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தார் என்பதைச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உடன்பாட்டை மீறியவருக்கு வரும் கடிதம் அபராதம் அன்று. அபராதம் விதிப்பது காவல்துறை, உள்ளாட்சி மன்றம் போன்ற பொது அமைப்புகளின் அதிகாரம். தனியார் நிறுவனம் அனுப்புவது வெறும் பில். எனினும் இரண்டுக்குமே பி.சி.என். என்ற ஒரே சுருக்கப் பெயர் வழங்குவதையும், கார்க் கண்ணாடியில் ஒட்டப்படும் உறைகள் இரண்டும் எளிதில் வேறுபடுத்த முடியாதபடி இருப்பதையும் தற்செயல் என்று நம்புவதற்குத் தனியான மனப்பக்குவம் வேண்டும். உறையைப் பிரித்ததும், 14 நாளுக்குள் கட்டினால் 100 பவுண்டு 60 ஆகக் குறையும் என்ற சலுகை கண்ணில் படும். செய்யாத குற்றத்துக்கு 40 சதவீதம் தள்ளுபடி கிடைத்த நிறைவோடு பலர் அன்றே கட்டிவிடுகிறார்கள். கட்ட மனம் வராத மிச்சப் பேருக்காக வளர்ந்ததே இங்கே விவரிக்கப்படும் கலை. இதில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள் அல்லர். எப்போதோ தமக்கு வந்த கடிதத்தை எதிர்த்து வென்று, அந்த ருசி விடாமல், பிறருக்கு வரும் கடிதங்களையும் கூலியின்றிப் படித்துக்கொடுக்கும் சாதாரணக் குடிமக்கள்.

கலையின் முதல் பாடம் ‘நான்’ என்பதை விடுவது. இதற்குப் பல பிறவிகள் வேண்டும் என்று ஞானியர் கருதினர். நிறுத்துமிட நிறுவனங்கள் வழக்கமாக 28 நாள் தருகின்றன. இந்தத் துறவுக்கான காரணம் சட்ட வரலாற்றில் உள்ளது. 2012 அக்டோபர் 1 வரை தனியார் நிலத்தில் நின்ற காரின் சக்கரத்துக்கு இரும்புப் பூட்டு மாட்டிப் பணம் வாங்கும் வழக்கம் அங்கே இருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் பூட்டைத் தடைசெய்தது; தடைசெய்த கையோடு, பூட்டை இழந்தவர்களின் துயரம் பொறுக்காமல், தன் நான்காம் அட்டவணையில் வேறொரு கருவியையும் அவர்களுக்கு அளித்தது. ஒப்பந்தம் செய்தவர் ஓட்டுநர்தான். ஆனால் ஓட்டியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது, எண் பலகை மட்டுமே தெரியும். டி.வி.எல்.ஏ. என்னும் அரசு வாகனப் பதிவுத் துறையிடம் அந்த எண்ணைக் கொடுத்து 2 பவுண்டு 50 பென்ஸ் கட்டினால், ‘கீப்பர்’, அதாவது வண்டிக்குப் பொறுப்பானவராகப் பதிவேட்டில் உள்ளவர், இன்னார் என்று பெயரும் முகவரியும் கிடைக்கும். ஓட்டியவர் யாரெனத் தெரியாதபோது கீப்பரிடமே பணம் கேட்கலாம் என்பது நான்காம் அட்டவணை தந்த வரம். வரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று தவறினாலும் கீப்பர் தப்பிவிடுவார், ஓட்டுநர் மட்டுமே பொறுப்பாவார், அவரோ இன்னாரென்று தெரியாதவர்.

இந்த அரணைப் பெரும்பாலோர் முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே தாமே இடித்துவிடுகிறார்கள். “அன்று நான் காரை நிறுத்தியபோது என் மாமியாருக்கு மயக்கம் வந்தது” என்று தொடங்கும் கடிதம் மாமியாரைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. ஓட்டியவர் யார் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிடுகிறது. ஆகவே உதவுவோர் முழுக் கடிதத்தையும் படர்க்கைக்கு மாற்றுகிறார்கள். ஓட்டுநர் நிறுத்தினார், ஓட்டுநர் பலகையைக் காணவில்லை, ஓட்டுநருடன் வந்த மூதாட்டி மயங்கினார். கீப்பர் இவற்றையெல்லாம் எங்கோ கேள்விப்பட்டவராகத் தம் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஓட்டியவரின் பெயரைத் தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கடமை கீப்பருக்குக் கிடையாது, சொல்லாமலிருப்பது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால் எதிராளி இரங்குவார் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்களுக்கு, இரண்டு பக்கம் ‘ஓட்டுநர்’ என்றே எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘நான் திரும்பி வந்து பார்த்தபோது’ என்று வழுக்கி விழாமலிருப்பது எளிதாக இல்லை.

அடுத்தது நாட்கணக்கு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராப் படத்தை மட்டும் நம்பி அனுப்பும் நோட்டீஸ், காரை நிறுத்திய நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாளுக்குள் கீப்பரின் கைக்குச் சேர வேண்டும். அஞ்சலில் இட்ட இரண்டாம் வேலைநாளில் அது சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். நோட்டீசில் இருக்க வேண்டிய செய்திகளையும் அட்டவணை ஒவ்வொன்றாக வரையறுப்பதால், உதவுவோர் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரைப்போல அதை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார்கள். விடுபட்ட வாசகம் ஒன்று அகப்பட்டால் அவர்களுக்கு உண்டாகும் ஆனந்தம் கடிதத்தைக் கொண்டுவந்தவரைத் தொடுவதில்லை. அவர் இன்னும் மாமியாரின் மயக்கத்தைப் பற்றிப் பேசவே விரும்புகிறார்.

நியாயத்தைப் பேச விரும்புவோரின் வழியை மறித்து ஒரு தீர்ப்பு நிற்கிறது. செல்ம்ஸ்ஃபோர்டு நகரின் ரிவர்சைடு கடைவளாகத்தில், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைக்காரரான பாரி பீவிஸ், 2013 ஏப்ரலில் 2 மணி நேர இலவச அனுமதியை 56 நிமிடம் தாண்டினார். அவ்விடத்தை நடத்திய ‘பார்க்கிங் ஐ’ என்னும் நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. இலவச இடத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்ற அவருடைய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 நவம்பர் 4 அன்று ஏழு நீதிபதிகளுள் டூல்சன் பிரபு தவிர மற்ற அறுவரும், நஷ்டம் இல்லாவிட்டாலும் கார்கள் இடம் விட்டு இடம் தந்துகொண்டிருப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு, அதற்கு 85 பவுண்டு மிகையன்று என்றனர். அங்கே இந்த அக்கறையைச் செலுத்தும் வாய்ப்புக்காக நிறுவனமே நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்துவந்தது. பிறர் காலம் கடந்து தங்குவதைக் கண்டு கவலைப்படும் உரிமையை இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர்கள் உலகில் குறைவாகவே இருப்பார்கள். நிறுவனங்கள் இத்தீர்ப்பை விடாமல் மேற்கோள் காட்டுகின்றன. உதவுவோரும் காட்டுகிறார்கள், அந்த வளாகத்தில் இருந்த சுமார் 20 பலகைகளும் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிடுவதால், கொடி படர்ந்த பலகையையும் விளக்கில்லாத மூலைப் பலகையையும் படம் எடுத்து இணைத்துவிடுகிறார்கள்.

இவர்கள் போற்றும் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. லண்டன் ஷூ லேன் நிறுத்துமிடத்தில் 1964இல் காரை விட்ட ஊதுகொம்புக் கலைஞர் தார்ன்டன், நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது விபத்தில் காயமடைந்தார். வாசலில் இயந்திரம் நீட்டிய சீட்டில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்றும், உள்ளே ஒட்டியிருந்த நிபந்தனைகளில் காயத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் இருந்தன. இயந்திரத்திடம் முறையிடலாம், வைதுகூடப் பார்க்கலாம், அது அசையாது. ஆகவே சீட்டு வெளிவந்த பின் காட்டப்படும் நிபந்தனை யாரையும் கட்டுப்படுத்தாது என்ற பொருள்பட டென்னிங் பிரபு 1970இல் தீர்ப்பளித்தார். இயந்திரத்தை வைதவர்களின் பக்கம் நீதி நின்ற நாளாக அது நினைவுகூரப்படுகிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த மேல்முறையீடு இன்னும் சுவையானது. தாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு மேசையை இறக்குவதற்காகக் காரை நிறுத்திய பெண்ணிடம் நிறுவனம் பணம் கேட்டது; சாமான் இறக்கச் சிறிது நேரம் நிற்பது ‘பார்க்கிங்’ ஆகாது, ஆகுமென்றால் பால்காரரும் தபால்காரரும் அந்தப் பக்கம் வரவே முடியாது என்னும் முடிவுக்கு நீதிபதி வந்தார்.

கேமரா தனி அத்தியாயம். வாசலில் நுழைந்ததும் வெளியேறியதும்தான் அதற்குத் தெரியும். இடம் தேடிச் சுற்றியதும் குழந்தைக்கு பெல்ட் மாட்டியதும் அதன் கணக்கில் நிறுத்திய நேரமே. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வந்தவரின் முதல் வெளியேற்றத்தையும் இரண்டாம் நுழைவையும் அது தவறவிட்டால், அவர் பகல் முழுவதும் கடையிலேயே குடியிருந்ததாக ஆகிவிடும். இதற்குக் கடை மேலாளரிடம் ரசீதோடு போய் முறையிடுவதே சிறந்த மருந்து. அவர் ஒரு சொல் சொன்னால் நோட்டீஸ் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் இவ்வளவு சுலபமான வழியில் புலமைக்கு வேலையில்லை என்பதால், உதவுவோர் அதைச் சற்று வருத்தத்தோடேயே பரிந்துரைக்கிறார்கள்.

நிறுவனம் மறுத்தால், அது எந்தச் சங்கத்தைச் சேர்ந்ததோ அதற்கேற்ப பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்னும் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், கார்க்காரரைக் கட்டுப்படுத்தாது. அங்கும் தோற்றால் கடன் வசூலிப்பவர்களின் சிவப்பெழுத்துக் கடிதங்கள் தொடங்கும். அவர்களுக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இந்தக் கட்டத்தில் குறுக்கிட்டு, எல்லாவற்றையும் குப்பையில் போடு, எனக்கும் வந்தது, ஒன்றும் ஆகவில்லை என்பார். அவர் சொல்வது 2012க்கு முந்தைய உண்மை. இப்போது அதைக் கேட்டு நடப்பவர், நார்த்தாம்ப்டனிலிருந்து வரும் கவுன்டி நீதிமன்றப் படிவத்தையும் அதே குப்பையில் போட்டுவிடுவார். 14 நாளுக்குள் பதில் போகாவிட்டால் எதிர்வாதம் கேட்கப்படாமலே தீர்ப்பாகும். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது 6 ஆண்டு பதிவேட்டில் நின்று, வீட்டுக்கடன் கேட்கும் நாளில் முன்னால் வந்து உட்காரும். இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2019இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட நடத்தை விதிகளை நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்ததும் ஜூனில் அரசே திரும்பப் பெற்றது. 2024இல் நிறுவனங்களின் சங்கங்கள் தமக்குத் தாமே விதிகள் எழுதிக்கொண்டன. திருத்தப்படுபவர்களே விடைத்தாளையும் திருத்துவதில் நேரம் மிச்சமாகிறது.

படிவத்துக்கு உரிய காலத்தில் பதில் போனால், வழக்கு விசாரணைத் தேதி வரை மெல்ல நகரும். அதற்குள் எதிர்வாதமும் சாட்சி அறிக்கையும் கொடி படர்ந்த பலகையின் வண்ணப்படங்களும் தயாராகிவிடும். சிறு வழக்குகளில் வழக்கறிஞரல்லாதவரும் கார்க்காரரின் பக்கத்தில் அமர்ந்து வாதாடலாம் என்பதால் உதவுபவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டுவிடுவார். விசாரணைக் கட்டணத்தை வழக்குத் தொடுத்தவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அந்தக் கெடுவுக்குச் சற்று முன்பாக, வழக்கைக் கைவிடுவதாக நிறுவனத்திடமிருந்து ஒரு வரிக் கடிதம் வருவது அடிக்கடி நடப்பது. கார்க்காரர் மகிழ்ச்சியில் இனிப்பு வாங்கப் புறப்படுகிறார். உதவியவரோ, தார்ன்டனைச் சுட்டும் பத்தியை நீதிபதி படிக்காமலே போய்விட்டாரே என்று நிறுவனத்தின் மேல் முதன்முறையாக உண்மையான கோபம் கொள்கிறார்.