இடது பாதத்தின் வேலையிழப்பு: தொப்பூர்க் கணவாயை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் பாதத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி இறைவனின் திருவடி பற்றியது. லாரி டிரைவரின் இடது பாதத்துக்கு அந்த மரியாதை கிட்டவில்லை. அக்குறையை இயன்றவரை போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம், 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டம். குறிப்பாகத் தொப்பூர்க் கணவாய். முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட சாலை இதன் வழியேதான் போகிறது. சேலத்திலிருந்து வந்தால் ஏற்றம், தர்மபுரியிலிருந்து போனால் இறக்கம். சமவெளியில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். அதன் குணம் தெரிவது இங்கேதான்.

கருதுகோள் இது: பழைய கார், லாரிகளில் இன்று காலாவதியாகிவிட்ட ஒவ்வொரு வசதியும் உண்மையில் மனித உறுப்பு ஒன்றுக்கான வேலைவாய்ப்புத் திட்டம். வசதி வளர வளர உறுப்புகள் ஒவ்வொன்றாக ஆட்குறைப்புக்கு ஆளாயின.

முதல் சான்று, டிம்மர் சுவிட்ச். அம்பாசிடரில் கிளட்ச்சுக்கு இடப்புறம், தரையில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஒரு மிதி மிதித்தால் டக்கென்று ஒளி தாழும். மறு மிதிக்கு உயரும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவது டிரைவர்களின் வழக்கம். இருட்டில் அந்தக் குமிழைத் தேடிக் கண்டுபிடித்தது கால் கட்டைவிரல்தான். செருப்போடு வந்த மண் குமிழுக்குள் இறங்கி, அது பாதியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது குதிகாலால் ஓங்கி ஒரு குத்து. ஆவணப்படுத்தப்பட்ட பழுதுநீக்கும் முறைகளில் இதுவே எளிமையானது.

ஆனால் அதே காலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: டபுள் கிளட்ச். சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸில் கியரை இறக்க வேண்டுமானால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். தப்பினால் கியர் பல்லைக் கடிக்கும் சத்தம் டீக்கடை வரை கேட்கும். பாலக்கோட்டுத் தக்காளியோடு இரவில் கணவாய் இறங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வளைவில் கியர் இறக்க வேண்டும்; அதே வளைவில் எதிரே ஒரு லாரி ஏறி வருகிறது, அதற்கு விளக்கையும் தாழ்த்த வேண்டும். வேலை மூன்று மிதி, கால் ஒன்று. இந்த நெருக்கடியை எட்டுக் கை தெய்வங்களைப் படைத்த சிற்பிகள்கூட முன்னறியவில்லை.

டிம்மரைக் காலிடம் கொடுத்தது பழமைவாதம் என்பது ஒரு சாரார் கட்சி. கை ஸ்டியரிங்கை விட்டு நகராததால் அதுவே சரி என்பது மறுசாரார் கட்சி. இக்கட்டுரை வெளிப்படையாகவே காலின் பக்கம். பொறுப்பு விரலுக்கு மாறிய பிறகு என்ன ஆயிற்று என்பதை இரவு நேரத்தில் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் எதிரே வரும் விளக்குகளைப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம்.

வலது கையின் வீழ்ச்சியும் சோகமானதே. ரப்பர் குமிழ் ஹாரனைப் பிதுக்கியது அது. ஜன்னலுக்கு வெளியே நீண்டு வலப்புறத் திருப்பத்தை அறிவித்தது அது. இடப்புறம் திரும்பவும் அதே வலது கையைத்தான் வெளியே நீட்டிச் சுழற்ற வேண்டும் என்பது விதி. லாரியில் அதற்குக் கிளீனரின் இடது கை உதவிக்கு வந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவு இன்றும் டிரைவர் சைகை காட்ட வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. திரும்புவதைக் கருவியால் காட்டலாம் என்பது அதற்கடுத்து வரும் சலுகை.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வது தனி வீரம். மின் ஸ்டார்ட்டர் 1912இலேயே அமெரிக்காவின் காடிலாக் காருக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊரில் பேட்டரி செத்த காலை வேளைகளில் பம்பருக்கு மேலே அந்த இசட் வடிவக் கம்பி நுழைந்துகொண்டேயிருந்தது. கட்டைவிரலால் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். ஆரை எலும்பின் முனை உடையும் அந்த முறிவுக்கு மருத்துவ நூல்கள் கார் ஓட்டுநரின் பெயரையே சூட்டியிருக்கின்றன. நம்மவர் அந்தப் பெயரை அறியாமலே புத்தூருக்குக் கட்டுப்போடப் பஸ் ஏறினார்கள்.

அம்பாசிடரின் முன்சீட்டு தனி அத்தியாயத்துக்கு உரியது. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்ததால் நடுவில் தடையில்லை. நீளமான ஒரே சீட்டு. கல்யாண வண்டி என்றால் டிரைவருக்கு வலப்புறமும் ஒருவர் ஒட்டிக்கொள்வார். 1990களில் இசுசு எஞ்சினோடு கியர் தரைக்கு இறங்கியபோது பறிபோனது ஓர் உறவினரின் இருக்கை. கார் மட்டும் மேலும் நீடித்து 2014 மே மாதத்தில்தான் உற்பத்தி நின்றது. 1950களில் தொடங்கி முகம் பெரிதாக மாறாமல் இத்தனை காலம் ஓடியதைப் பார்த்தால், தகடூர் அதியமான் அந்த நெல்லிக்கனியை ஔவைக்குத்தான் கொடுத்தானா என்று ஐயம் எழுகிறது.

சோக், முக்கோணக் கண்ணாடி, சூடேறி நின்றுபோன பெட்ரோல் பம்பின்மேல் போர்த்திய ஈரத்துணி ஆகியவை இடமின்மையால் இங்கே விடப்படுகின்றன. 1954இல் டாட்டா, டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியதையும், 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்து மூக்கிலிருந்த நட்சத்திரம் போன பின்னும் பெரியவர்கள் ‘பென்சு லாரி’ என்றே சொல்லிவந்ததையும் குறித்தால் போதும்.

கடைசிச் சான்று கட்டை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் லாரியின் பின்னால் கிளீனர் ஆப்பு வடிவ மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். வண்டி நின்று பின்வாங்கும் கணத்தில் பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் செருக வேண்டும். இன்றைய எஞ்சின்கள் அவரை நடக்கவிடுவதில்லை. ஆனால் பழுதாகி நிற்கும் லாரிக்குச் சாலையோரக் கருங்கல் ஒன்றை உருட்டி வைப்பதும், வண்டி கிளம்பியதும் கல்லை நடுரோட்டிலேயே விட்டுப்போவதும் தொடர்கின்றன. மற்ற அம்சங்களையெல்லாம் கைவிட்ட நிறுவனங்களால் இதை மட்டும் எந்த ஆண்டு மாடலிலும் நீக்க முடியவில்லை. இது கம்பெனி பொருத்தித் தருவதல்ல.