வருஷா வருஷம் கேஸா?

கேள்வி: சுவரில் துளை போட்டுப் பொருத்திய ஏசி. குளிர் குறைகிறது, உள்ளே ஐஸ் பிடிக்கிறது. மெக்கானிக் வருஷா வருஷம் கேஸ் நிரப்புகிறார். இது சரியா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சரியில்லை. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்யூம் போட்ட பிறகே கேஸ் ஏற்ற வேண்டும்.

ஐஸ் பிடிக்க இன்னொரு காரணம் முன்பக்க ஃபில்டர். அதில் தூசி அடைத்தால் கூலிங் காயிலுக்குக் காற்று போகாது. காயிலின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரம் அதன்மேல் உறையும். ஃபில்டரைக் குழாய் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஐஸைக் கத்தியால் சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும். ஏசியை நிறுத்தினால் தானே உருகிவிடும்.

சுவரையும் கவனிக்க வேண்டும். சாதாரண விண்டோ ஏசிக்குப் பக்கவாட்டிலும் காற்றுத் துளைகள் உண்டு. 9 அங்குலச் சுவர் அவற்றை அடைத்தால் கண்டென்சர் சூடேறி, கம்ப்ரசர் அடிக்கடி நிற்கும். துளைகள் முழுதும் வெளியே தெரியும்படி பெட்டியைத் தள்ளிவைப்பதே தீர்வு. பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அறைக்குள் சொட்டாது.

உள்மூடியைக் கழற்றும் வேலை மட்டும் மெக்கானிக்குடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.