அண்ணாச்சி பதில்கள்: மழை, பனி, பின்னால் ஒரு டிரெய்லர்

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சினன், ‘பனிக்கால டயர் மாட்டியாச்சா?’ என்று கேட்கிறான். நமக்கு அது தேவையா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அங்கே கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் இல்லாவிட்டால் அபராதம். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். நாமோ 20 டிகிரியைத் தொடும் முன்பே மப்ளர் தேடுகிற ஆட்கள். இருக்கிற டயரையே குனிந்து பாருங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அது ஓடக் கூடாது. வழுக்கைத் தலை மரியாதை தரும். வழுக்கை டயர் ஐப்பசி மழையில் சாலையைத் தொடாமலே மிதக்கும்.

கேள்வி: தரைப்பாலத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது. கார் போகுமா? (வாசகர், ஏரல்)

பதில்: போகும். எந்தத் திசையில் என்பதை ஆறு முடிவு செய்யும். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். இரண்டடி வந்தால் பெரும்பாலான வண்டிகள் தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய், ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ரயிலே நின்றுவிட்டது. வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகனையே மேலக்கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். மயில் வாகனம் வைத்திருப்பவரே ஒதுங்கும்போது உமக்கு என்னவே அவசரம்?

கேள்வி: அதிகாலை மூடுபனியில் ஹை பீம் போட்டும் சாலை தெரியவில்லையே? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: போட்டதால்தான் தெரியவில்லை. அந்த வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. லோ பீமுக்கு மாற்றுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிடாதீர்கள். நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. தைப்பூசம் நெருங்கினால் திருச்செந்தூர் சாலையில் விடிய விடிய பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி இருட்டில் கண்ணில் படாது. வேகத்தைக் குறைப்பதும் முருகனுக்குச் செய்கிற நேர்த்திதான்.

கேள்வி: ஜீப்பில் ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்கிறேன். வேகம் கூடினால் பின்னால் வாலாட்டுகிறது. பிரேக்கை மிதிக்கவா, ஆக்சிலேட்டரையா? (மைக்செட் வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: இரண்டையும் விடுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகப் பிடித்தால் அடங்கிவிடும். ஈரச் சாலையில் சடக்கென்று பிரேக் அடித்தால் டிரெய்லர் மடங்கி உங்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும். கோளாறு பாரத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் பின்னால் தள்ளி இருந்தால் கொக்கி மேலே எழும்பும். கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமுங்கும்படி வைத்து இறுகக் கட்டுங்கள். பின்விளக்கும் எரியட்டும். ஊருக்கே சீரியல் செட் போடுகிறவர் டிரெய்லருக்கு இரண்டு பல்பு போடக் கூடாதா?

கேள்வி: மழையில் நின்றுபோன சம்பந்தியின் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? (வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: பக்கத்து ஒர்க்ஷாப் வரை இழுக்கலாம். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேகம் 20 கிலோமீட்டர் போதும். இன்ஜின் ஓடாததால் பின்வண்டியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே உட்காருகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். சம்பந்தியிடம் அதைக் கேட்கத் தயக்கமாக இருந்தால் மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, சம்பந்தி முறுக்கிக்கொண்டால் ஆகிற செலவைவிடக் குறைவு.