ராக்கெட் மாப்பிள்ளை

மென்பொருள் அலுவலகம் எதற்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பந்தக்கால் நடுவதில் மகா கெட்டிக்காரர். கல்யாணம் நடந்ததாகத்தான் இதுவரை தகவல் இல்லை.

புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது “பைத்தான் ஓடலண்ணே” என்று வந்து நின்றால், நாடி பிடிக்கும் வைத்தியரைப்போல் கண்ணை மூடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இன்ஸ்டால் பண்றப்ப அந்த ‘பாத்’ பெட்டியில டிக் போட்டியா தம்பி?” போட்டிருக்க மாட்டான். அன்றைக்கு இவருக்கு மதியச் சாப்பாடு தேவைப்படாது.

பையன் “ட்ஜாங்கோ” என்று வாயைத் திறந்தால் போச்சு. முன்னால் இருக்கும் ‘டி’யை உச்சரிக்கக் கூடாது, அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயர் என்று ஆரம்பிப்பார். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் 2003இல் உருவாகி, 2005இல் வெளியே வந்த கதையும் தொடரும். செய்தி ஆறிப்போவதற்குள் பக்கத்தை ஏற்றியாக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தவர்கள், வெப்சைட் கட்டுவதற்காகச் செய்த கருவி அது. நம்மவர் கையில் வந்து மாட்டிக்கொண்டது அதன் தலையெழுத்து.

ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வேண்டும் என்பதில் படு ஆசாரம். மடிச் சமையல் மாதிரி, ஒன்றின் கரண்டி இன்னொன்றில் படக் கூடாது. இவர் லேப்டாப்பில் இப்படிப் பதினான்கு அடுக்களை இருக்கிறது. ஒன்றிலும் உலை வைத்ததில்லை.

செட்டிங்ஸ் கோப்பைத் திறந்ததும் யூடிசியை அழித்துவிட்டு ஏசியா, கொல்கத்தா என்று மாற்றுவார். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக்கூடப் பொறுக்காத இந்த மனிதர்தான், மாமனாரின் பாத்திரக்கடைக்கு வெப்சைட் போட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று வருடமாக இழுத்தடிக்கிறார். மைக்ரேஷன் 18 பாக்கி என்று சர்வர் சிவப்பில் எச்சரித்தால் மட்டும் கடன்காரன் வாசலில் நிற்பதுபோல் பதறி, உடனே தீர்த்துவிடுவார். பிறகு சூப்பர் யூசர். ‘12345678’ என்று பாஸ்வேர்டு கொடுப்பார். “ஊரறிஞ்ச பாஸ்வேர்டு இது” என்கிற ரீதியில் ஜாங்கோ முகம் சுளிக்கும். பரவாயில்லை என்று ‘ஒய்’யைத் தட்டுவார். குடிமக்களே இல்லாத ராஜ்ஜியத்துக்கு ராஜா தயார்.

போன பொங்கலுக்கு மாமனார் நேரிலேயே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நம்மவர் ‘ரன்சர்வர்’ தட்டி, பிரவுசரில் 8000ஆம் போர்ட்டைத் திறந்தார். இன்ஸ்டால் ஆகிவிட்டது, வாழ்த்துகள் என்ற வாசகத்தோடு அந்தப் பச்சை ராக்கெட், இருந்த இடத்திலேயே புகை விட்டுக்கொண்டு நின்றது.

பெரியவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“நம்மது பாத்திரக்கடை இல்லீங்களா மாப்ள? இது பட்டாசுக் கடையாட்டம் இருக்குதே?”

மாப்பிள்ளை காதில் விழவில்லை. பிப்புக்குப் புது வெர்ஷன் வந்திருப்பதாகக் கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியிருந்தது.