பிளசரில் ஆளுக்கொரு பங்கு

செட்டிநாட்டு வீட்டில் எதற்கும் ஒரே சொந்தக்காரர் கிடையாது. முகப்பில் ஒரு பங்கு, வளவில் ஓர் அறை, இரண்டாங்கட்டில் ஓர் அடுப்பு என்று எல்லாமே பங்குதான். ஒக்கூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படியே. ஐயா வாங்கிய வண்டி. அப்பத்தா கடைசிவரை அதைப் ‘பிளசர்’ என்றுதான் சொன்னார்கள். ஐயாவுக்கு ஐந்து பிள்ளைகள், அவர்களுக்குப் பிறந்தவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் இருக்கிறோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எந்தச் சக்கரம் யாருக்கு என்று எழுதாமல் விட்டது ஒன்றுதான் பாக்கி.

நல்லவேளை, நாலு கதவு. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-இல் ஹெரால்டை விட்டபோது அதற்கு இரண்டே கதவு. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த அழகு அது. 1961-இல் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதையே இங்கே செய்ய ஆரம்பித்து, பிறகு நாலு கதவு வைத்தது. அப்படி ஒரு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. காரணம் கம்பெனிக்கே வெளிச்சம். முன்சீட்டை மடக்கிவிட்டு, பட்டுப்புடவையும் பலகார வாளியுமாக ஓர் ஆச்சி பின்னால் ஏறுவதை அந்த இஞ்சினியர்களில் யாரோ பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹெரால்டின் பானெட் மற்ற வண்டிகளைப் போல மேல்மூடி மட்டுமல்ல. மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வீட்டில் வைத்துப் பழுது பார்க்க இதைவிடத் தோதான வண்டி இல்லை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது, இஞ்சின் இப்படித் திறந்து கிடந்தால் தெருவில் போகிற அத்தனை பேருக்கும் முழுசாகத் தெரியும் என்பது. பால்காரர் சைக்கிளை நிறுத்துகிறார். “சோக்க இழுத்துப் பாத்தீகளா?” பஸ்ஸுக்கு நிற்கிறவர் உள்ளே வருகிறார். “பிளக்கக் கழத்தித் தீயில காட்டுங்க.” ரிட்டயர்டு லாரி டிரைவர் ஒருவர் நாற்காலியே கொண்டுவந்துவிட்டார்.

வருகிறவர்களில் உருப்படியானவன் மதகுபட்டியிலிருந்து வரும் மெக்கானிக் தம்பி. அவனோடும் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், டிரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும்.

“ஆயில் விட்டா ஒழுகிருமேண்ணே.”

“ஒழுகட்டும் தம்பி. திரும்ப விடுவோம்.”

“ஒழுகுறதுக்கா விடச் சொல்றீக?”

“கிரீஸ் அடிச்சா உள்ள இறுகிப் போகும். ஒருநாள் திருப்பத்துல சக்கரம் தனியா மடங்கி விழும்.”

“கிரீஸ் அடிச்சு எந்தச் சக்கரம்ணே விழுந்துருக்கு?” என்று கிரீஸ் துப்பாக்கியை ஏந்தி நிற்பான். நான் வண்டிக்கு முன்னால் கைகளை விரித்து மறிப்பேன்.

ஆனால் அவன் வேலை சுத்தம். டிஸ்டிரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜை நீட்டினால் வாங்க மாட்டான். வளவில் ஆணியில் தொங்கும் கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து, பாயிண்டுக்கு நடுவில் செருகி, ஸ்குரூவை இறுக்கி உருவுவான். லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு கேஜ் விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. காரைக்குடி சம்பந்தங்களின் பத்திரிகைதான் தோதுப்படுகிறது என்கிறான். சென்னைப் பத்திரிகைகள் மெலிசாம்.

உதிரிப்பாகம் தேடி, காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். கதவுக் கைப்பிடி கேட்டதற்கு, தேக்குக் கதவோடு சேர்த்து ஒரு பித்தளைக் கைப்பிடி காட்டினார்கள். ஹெரால்டை இன்னும் விடாமல் வைத்து ஓட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் நிறைய இருப்பதால் சாமான் அங்கேதான் தாராளம். வண்டலூரில் பிறந்த வண்டிக்கு லண்டன் தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறான். போகும்போது தேங்குழலும் மணகோலமும், வரும்போது வாட்டர் பம்ப்பும் கேஸ்கெட்டும்.

பெட்ரோல் வேறு மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, பெட்ரோல் பம்ப்பின் சவ்வு ஊதிப்போயிற்று. மூன்று தலைமுறையாகச் சைவமாக இருந்த வண்டியைக் குடிக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

ஆர்.சி. புத்தகம் இன்னும் ஐயா பேரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் படிவம் 31, வாரிசுச் சான்று, பங்காளிகள் அத்தனை பேரின் சம்மதக் கையெழுத்து. அதைவிட டிரன்னியன் தேவலாம். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்கள் வண்டி விதி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான். பழுது பார்க்கப் போகும், போகிற வழியில் பெட்ரோல் போடும்.

எங்களூர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் ஒரு தாயைப் பாடியிருக்கிறார். வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகக் களத்தில் மடிந்தபின், இருக்கிற ஒரே மகனுக்கும் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். இந்த வண்டியோடு ஐயா மல்லுக்கட்டினார், பிறகு அப்பச்சி, இப்போது நான். என் மகன் ஸ்பேனரைத் தொடப் போனால் மட்டும், அந்தத் தாயைப் பாடியவரின் ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்த என் வீட்டு ஆச்சி, “அவனையாச்சும் விடுங்க” என்கிறாள்.

போன மாசம் வண்டி கிளம்பிவிட்டது. மதகுபட்டி வரை போய், தள்ளாமல் திரும்பியும் வந்தது. குடும்ப வாட்ஸாப்பில் படம் போட்டேன். சாயங்காலமே கோலாலம்பூர் அண்ணன் போன் பண்ணினார்.

“ஓடுதாமுல்ல?”

“ஜம்முனு ஓடுதுண்ணே.”

“அப்ப நல்ல வெலைக்குப் போகும். வீட்டுப் படைப்புக்கு எல்லாரும் கூடுறப்பப் பேசி முடிச்சிருவோம். அஞ்சு பங்கு.”

போனை வைத்ததும் எனக்கு ஒரு பழைய சட்டம் ஞாபகம் வந்தது. 1940-இல் ஜெர்மன் படை வந்து இறங்கிவிடும் என்ற பயத்தில், காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதை யாரும் கிளப்ப முடியாதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டாரை உருவிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். வண்டி உறுமும், கிளம்பாது.

படைப்புக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணன் சாவியைத் திருகிப் பார்த்தார், லாரி டிரைவர் பேட்டரி என்றார், பால்காரர் சோக்கு என்றார். மெக்கானிக் தம்பி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான், என் சட்டைப்பையைப் பார்த்தான், மூடினான்.

“பெரிய வேலைண்ணே” என்றான். “ஒரு வருசமாகும்.”