குலுங்குகிற காருக்கு நாகரசம்பட்டி வைத்தியம்

கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது உங்கள் கார் மட்டும் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்குகிறதா? ஏசியைப் போட்டதும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறதா? பதறாதீர்கள். முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். பாதி நடுக்கம் அதிலேயே காணாமல் போய்விடும்.

அடுத்து, டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் இன்ஜின் விளக்கின்மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். பிஎஸ் 4 காலத்திலிருந்து வந்த கார்கள் தம் நோயைத் தாமே எண் போட்டு எழுதி வைத்துக்கொள்கின்றன. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அது சரியாக எரியவில்லை, பி0302 என்றால் இரண்டாவது. ஸ்கேனரை மாட்டினால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிட்டால் டீக்கடையில் என்னத்தைப் பேசுவது?

ஆகவே வண்டியை நாகரசம்பட்டி டீக்கடைக்கு ஓட்டிப்போய் பானட்டைத் திறந்து வையுங்கள். டாக்டர்கள் தாமாக வருவார்கள். கிரானைட் லாரி ஓட்டுகிறவர், "இன்ஜெக்டர் போயிருச்சுணா" என்பார். மாங்காய் மண்டிக்காரர், "எல்லாம் எத்தனால் பண்ற வேலை. இருபது பர்சென்ட் கலந்தா வண்டி எப்படி நிக்கும்?" என்பார். எல்லாச் சிலிண்டரும் ஒரே டேங்க் பெட்ரோலைத்தானே குடிக்கின்றன, அதில் ஒன்றுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று கேட்டுவிடாதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பெட்ரோல்தான் காரணம் என்று முடிவானால் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி கர்நாடகாவின் அத்திப்பள்ளியில் டேங்கை நிரப்பிப் பார்க்கச் சொல்வார்கள். 2024 ஜூனில் கர்நாடகா விற்பனை வரியை ஏற்றி லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடியது வேறு கதை. கார் அங்கேயும் குலுங்கும், கன்னடத்தில்.

முக்கியமானவர் இனிமேல்தான் வருவார்: ஓசூர் சிப்காட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா. ஓசூரில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஆலை போட்ட நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு இன்ஜின் நிபுணர் உண்டு. மாமா பார்த்தது பெயின்ட் ஷாப்பில் என்பதைக் கிளறக் கூடாது. கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்பார். "இசிஎம்மை, அதான் இன்ஜின் கம்ப்யூட்டரை, மாத்து. போகலேன்னா பம்ப்பு. அப்பறம் காயில் செட்டு" என்பார். அதே வரிசையில் மாற்றுங்கள். விலை அதிகமானதிலிருந்து தொடங்குவதுதான் மரபு. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஆலையில் 2021 முதல் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு நின்றபடி இன்ஜின் ஓடும் ஐட்லிங் என்பதே கிடையாது. அவற்றை வாங்கியவர்கள் வீட்டு மாமாக்கள் பாவம்.

ஒரு காரியத்தை மட்டும் தப்பித்தவறியும் செய்துவிடாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஒரு சிலிண்டரின் காயில் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சில நொடி ஸ்டார்ட் செய்து கேட்பது. குலுக்கல் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். மறுபடி அணைத்து, மாட்டிவிட்டு, அடுத்ததைக் கழற்றுவது. மற்ற எதைக் கழற்றினாலும் குலுக்கல் கூட, ஒன்றைக் கழற்றினால் மட்டும் எந்த மாற்றமும் இல்லையா? திருடன் அங்கேதான் இருக்கிறான். அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில் போச்சு. போகாவிட்டால் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் செலவு பெரிது. (நீண்ட நேரம் இப்படி ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கன்வெர்ட்டரைத் தின்றுவிடும்.)

எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக இருந்தும் நின்ற இடத்தில் மட்டும் நடுங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது என்றால், எங்கோ ஓஸ் விரிசல் விட்டுக் கள்ளக்காற்று உள்ளே போகிறது. உஸ்ஸென்ற சத்தம் காட்டிக்கொடுக்கும். எலி கடித்த ரப்பர் ஓஸுக்கு ஆகும் செலவை வெளியே சொன்னால் மரியாதை போய்விடும். த்ராட்டில் பாடியில் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே கூத்துதான். கிளீனர் போட்டுத் துடைத்தால் தீரும். ஆர்பிஎம் முள் 800 பக்கம் ஆடாமல் நிற்க, காரின் உடம்பு மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துவிட்டது. இதில் எதிலும் மாமாவுக்கு வேலை இல்லை. இதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

எல்லாம் மாற்றியும் குலுக்கல் நிற்காவிட்டால் வண்டியை விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் வருமுன் இன்ஜினைச் சூடேற்றி, காலை ஆக்சிலேட்டரில் லேசாக வைத்துக்கொண்டே மைலேஜ் பற்றிப் பேசுங்கள். ஏசியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். வந்தவர் வாய் திறக்காமல் பானட்டைத் திறந்து, ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்ற ஆரம்பித்தால், மூன்றாவதற்குப் போவதற்குள் விலையில் பத்தாயிரம் குறைத்துவிடுங்கள்.